மேடை விளக்கு நெட்வொர்க்கில் இணைப்புக் கோளாறு: எந்த வரிசையில் தேடுவது

கன்சோலில் (விளக்குகளை இயக்கும் மேசையில்) ஃபேடர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டி, ஏறுகிறது, மேடையில் லைட் எரியவில்லை. புதிதாக வருபவர்கள் உடனே கன்சோலின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, கண்ணில் படுவதையெல்லாம் மாற்றிப் பார்ப்பார்கள். பத்து நிமிடம் கழித்துப் பழைய கோளாறோடு புதிதாக இரண்டு சேர்ந்திருக்கும். எது முதலில் இருந்தது, எது நாம் உண்டாக்கியது என்று பிரிக்கவே முடியாது.

இங்கே சொல்லும் வரிசை அதற்கு நேர்மாறு. டேட்டா எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கிறோம். அமைப்புகளில் கை வைப்பது அப்புறம்தான். விளக்கு டேட்டாவை நெட்வொர்க் கேபிளில் கொண்டுபோகும் ஆர்ட்நெட், எஸ்ஏசிஎன் என்ற இரண்டு முறைகளுக்குமே இது பொருந்தும்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு நெட்வொர்க் கேபிள், எந்த அமைப்பும் இல்லாத ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி), கேபிள் போர்ட் உள்ள ஒரு லேப்டாப், ஒரு டிஎம்எக்ஸ் டெஸ்டர் (டிஎம்எக்ஸ் என்பது லைட்டுக்குக் கட்டளை கொண்டுபோகும் சிக்னல்). டெஸ்டர் இல்லையென்றால் முகவரி தெரிந்த ஒரு சின்ன எல்இடி லைட் போதும். கூடவே டிஎம்எக்ஸ் லைனின் கடைசியில் செருகும் 120 ஓம் டெர்மினேட்டர் ஒன்று.

லேப்டாப்பில் நெட்வொர்க் டேட்டாவைப் பார்க்க உதவும் வயர்ஷார்க், எஸ்ஏசிஎன்வியூ போன்ற மென்பொருள்களை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். அரங்கத்தில் போய் டவுன்லோடு செய்யலாம் என்று நினைத்தால், அங்கே இருப்பது இணையம் இல்லாத விளக்கு நெட்வொர்க் மட்டும்தான்.

லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டு நெட்வொர்க்கில் ஒரே நேரத்தில் இருக்கும் கணினி, பாக்கெட்டை (டேட்டாத் துண்டை) தவறான பக்கம் அனுப்பிவிடலாம். ஃபயர்வாலையும் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். விண்டோஸ், புதிய கேபிள் இணைப்பைப் பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டால் உள்ளே வரும் டேட்டாவைத் தடுக்கும்.

கடைசியாக, ஷோ ஃபைலைச் சேமித்துவிட்டு, கன்சோல், நோடு (நெட்வொர்க் டேட்டாவை டிஎம்எக்ஸாக மாற்றித் தரும் பெட்டி), ஸ்விட்ச் மூன்றின் அமைப்புப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வந்த வழியே திரும்பிப் போக அந்தப் படங்கள் மட்டும்தான் உதவும்.

2. எத்தனை லைட் போயிருக்கிறது என்று எண்ணுங்கள்

ஒரே ஒரு லைட் மட்டும் கேட்கவில்லை என்றால், அது பெரும்பாலும் நெட்வொர்க் பிரச்சினையே இல்லை. டிஎம்எக்ஸ் முகவரி மாறியிருக்கும், அல்லது லைட் 16 சேனல் மோடில் இருக்க, கன்சோலில் பேட்ச் (எந்த லைட்டுக்கு எந்த முகவரி என்ற பதிவு) 24 சேனலுக்குச் செய்யப்பட்டிருக்கும்.

ஒரு டிஎம்எக்ஸ் லைன் முழுவதும் போயிருந்தால் நோடின் அந்த அவுட்புட் போர்ட்டைப் பாருங்கள். ஒரு நோடின் எல்லா போர்ட்டும் போயிருந்தால் அந்த நோடுக்கு வரும் கேபிள், மின்சாரம், ஐபி (அதன் நெட்வொர்க் முகவரி). எல்லா நோடும் ஒன்றாகப் போயிருந்தால் கன்சோல் அல்லது முதல் ஸ்விட்ச்.

நேரத்தையும் கேளுங்கள். தொடக்கத்திலிருந்தே வரவில்லையா, நன்றாக ஓடிக்கொண்டிருந்து சில நிமிடங்களில் நின்றதா? பின்னதென்றால் நேராக 7-ஆம் பகுதிக்குப் போகலாம். லைட் எரிகிறது, ஆனால் துடிக்கிறது என்றால் 8-ஆம் பகுதி.

3. கன்சோலை விட்டுவிட்டு நோடுக்குப் போங்கள்

கன்சோலுக்கும் லைட்டுக்கும் நடுவில் இருப்பது நோடு. அங்கே ஒருமுறை பார்த்தாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும். நோடின் டிஎம்எக்ஸ் அவுட்புட்டில் வெளியே போகும் கேபிளைக் கழற்றி, அங்கேயே டெஸ்டரைச் செருகுங்கள். கன்சோலில் ஒருவரை ஒரு ஃபேடரை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

எண் அசைந்தால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, பழுது அந்தப் பக்கம் போகும் டிஎம்எக்ஸ் லைனில். எண் அசையாவிட்டால் பழுது இந்தப் பக்கம் (நோடின் அந்தப் போர்ட் இன்புட்டாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்).

எண் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அசைகிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் அறுந்தபின் கடைசியாக வந்த அளவையே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும்படி பல நோடுகள் அமைக்கப்பட்டிருக்கும். அப்போது லைட் எரிந்துகொண்டே இருக்கும், டெஸ்டரும் நல்ல சிக்னல் என்று காட்டும். ஆனால் கன்சோலிலிருந்து வருவது ஒன்றும் இருக்காது. டேட்டா வருகிறது என்று இதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

பழுது டிஎம்எக்ஸ் பக்கம் என்று தெரிந்தால் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். லைன் கடைசியில் 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் டெர்மினேட்டர் இருக்கிறதா, ஒரே லைனில் 32 கருவிக்கு மேல் தொங்குகிறதா. ஆர்டிஎம் (டிஎம்எக்ஸ் லைனிலேயே லைட்டுகளிடமிருந்து தகவல் கேட்டு வாங்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் அணைத்துப் பாருங்கள். ஆர்டிஎம் அறியாத சில பழைய லைட்டுகள் அந்தப் பாக்கெட்டுகளைப் பார்த்துத் துடிக்கும்.

4. கேபிள், லிங்க் விளக்கு, மின்சாரம்

நோடின் போர்ட்டிலும் ஸ்விட்ச் போர்ட்டிலும் லிங்க் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் ஐபி, யூனிவர்ஸ் (ஒரு டிஎம்எக்ஸ் லைனுக்கான சேனல் தொகுதி) எதையும் பேசிப் பயனில்லை. கேபிளை மாற்றுங்கள்.

மாற்றும்போது முனைக்கு முனை முழு வழியையும் மாற்றுங்கள், தரையில் ஓடும் நீளக் கேபிளை அப்படியே விட்டுவிட்டு முனையில் உள்ள குட்டிக் கேபிளை மட்டும் மாற்றிவிட்டு 'கேபிள் பார்த்தாச்சு' என்று சொல்லாதீர்கள். சோதனைக்கு நோடையே கழற்றிக் கன்சோல் பக்கத்தில் கொண்டுவந்து நல்ல கேபிளில் செருகிவிடுவது எனக்குப் பிடித்த வழி. வேலை செய்தால் பழுது வழியில் இருக்கிறது, நோடில் இல்லை.

100 மெகாபிட் இணைப்புக்கு எட்டுக் கம்பியில் நான்கு போதும். 1 கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் அந்த நான்கில் சேராத ஒரு கம்பி அறுந்த கேபிள், 100 மெகாபிட் நோடில் நன்றாக வேலை செய்யும், 1 கிகாபிட்டில் ஓடும் கன்சோலுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே போட்டால் லிங்க் ஏறி ஏறி இறங்கலாம். 'இந்தக் கேபிள் அங்கே ஓடியதே' என்ற பேச்சை இதனால்தான் நம்பக் கூடாது. செம்புக் கேபிளின் நீள வரம்பு 100 மீட்டர், இரு முனையிலும் உள்ள குட்டிக் கேபிள்களையும் சேர்த்து.

நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் எடுக்கும் நோடு என்றால், ஸ்விட்ச் உண்மையிலேயே அந்த மின்சாரம் தருகிறதா, மொத்த வாட் வரம்பைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். நோடு நடுநடுவே தானாக மறுபடி தொடங்கினால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் வெறித்தனமாகச் சிமிட்டினால், யாரோ ஒரே கேபிளின் இரு முனையையும் அதே ஸ்விட்சில் செருகியிருக்கிறார்கள், அல்லது இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் ஓடுகிறது. பிராட்காஸ்ட் பாக்கெட் (எல்லாக் கருவிக்கும் பொதுவாகப் போவது) சுற்றிச் சுற்றி வந்து எல்லோரையும் முடக்கிவிடும். ஒவ்வொரு கேபிளாக உருவிப் பாருங்கள், சிமிட்டல் அடங்கும் கேபிள்தான் குற்றவாளி. வளையத்தைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ வசதி ஸ்விட்சில் இருந்தால் இந்தத் தொல்லை வராது. ஆனால் அதன் பழைய வடிவம் ஒவ்வொரு போர்ட்டையும் சுமார் 30 விநாடி காக்க வைத்துத்தான் திறக்கும். கேபிள் செருகிய பத்தாவது விநாடியில் 'வரலை' என்று உருவி எடுப்பவருக்கு அது எப்போதுமே வராது.

5. ஐபி முகவரியும் சப்நெட் மாஸ்க்கும்

லிங்க் இருக்கிறது, டேட்டா இல்லை. இப்போதுதான் ஐபி பக்கம். லேப்டாப்பை அதே ஸ்விட்சில் செருகி, நோடுகளின் வரிசையில் யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரியைக் கையால் கொடுங்கள்.

முதலில் ஒவ்வொரு கருவியிலும் 169.254 என்று தொடங்கும் முகவரி இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி இருந்தால் அந்தக் கருவி டிஎச்சிபி-யிடம் (முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவையிடம்) முகவரி கேட்டு, பதில் கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். விளக்கு நெட்வொர்க்கில் நிலையான முகவரியே நல்லது. இரண்டு கன்சோலும் தனித்தனியே டிஎச்சிபி கொடுக்கும் நெட்வொர்க்கில் எந்த நோடு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

அடுத்து பிங், அதாவது ஒரு முகவரியிடம் 'இருக்கிறாயா' என்று கேட்கும் கட்டளை. பதில் வந்தால் மேலே போகலாம். வராவிட்டால் செய்தியைக் கவனமாகப் படியுங்கள். விண்டோஸில் உங்கள் சொந்த முகவரியிலிருந்தே 'அன்ரீச்சபிள்' என்று வந்தால் அந்த முகவரிக்கு உரியவர் யாருமே குரல் கொடுக்கவில்லை: கேபிள், தவறான முகவரி, வேறு விஎல்ஏஎன் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இவற்றில் ஒன்று. 'டைம்டு அவுட்' என்றால் எதிரே கருவி இருந்தும் பிங்குக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம். கணினியில் ஓடும் கன்சோல்கள் ஃபயர்வாலால் இப்படி மௌனமாக இருக்கும்.

இரண்டு கருவிக்கு ஒரே முகவரி என்ற சந்தேகம் வந்தால், ஒன்றின் கேபிளை உருவிவிட்டு அதே முகவரிக்குப் பிங் கொடுங்கள். அப்போதும் பதில் வந்தால் இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார்.

இனி புதியவர்கள் அதிக நேரம் சிக்கிக்கொள்ளும் இடம். பிங் போகிறது, ஆனால் கன்சோலின் நோடு பட்டியல் காலியாக இருக்கிறது. மாஸ்க்கைப் பாருங்கள், முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது அதுதான். ஆர்ட்நெட்டுக்கு வழக்கமாகக் கொடுப்பது 2 அல்லது 10-இல் தொடங்கும் முகவரி, 255.0.0.0 மாஸ்க். கன்சோல் 2.0.0.1, மாஸ்க் 255.0.0.0. நோடு 2.0.0.20, மாஸ்க் 255.255.255.0. இரண்டும் ஒன்றையொன்று பிங் செய்துகொள்ளும். ஆனால் கன்சோலின் பிராட்காஸ்ட் முகவரி 2.255.255.255, நோடு எதிர்பார்ப்பதோ 2.0.0.255. கன்சோல் 'யார் யார் இருக்கிறீர்கள்' என்று பொதுவாகக் கேட்கும் கேள்வியை நோடு தனக்கில்லை என்று தள்ளிவிடலாம்.

இதன் விளைவு பட்டியல் காலியாவதோடு நிற்காது. புதிய ஆர்ட்நெட் பதிப்புகளில், அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நோடுகளுக்கு மட்டும்தான் கன்சோல் டிஎம்எக்ஸ் டேட்டாவைத் தனித்தனியாக அனுப்பும். பதில் சொல்லாத நோடுக்கு ஒன்றும் போகாது. சோதனைக்காகக் கன்சோலில் பிராட்காஸ்ட் முறையை இயக்கியோ, நோடின் முகவரியைக் கையால் எழுதியோ பாருங்கள். உடனே லைட் வந்தால் கோளாறு கண்டறிதலில்தான், அதாவது மாஸ்க்கில் அல்லது ஃபயர்வாலில். காரணத்தைச் சரிசெய்தபின் பிராட்காஸ்டை மறக்காமல் அணையுங்கள். நிறைய யூனிவர்ஸ் இருக்கும் நெட்வொர்க்கில், தனக்குத் தேவையில்லாத பாக்கெட்டையும் ஒவ்வொரு நோடும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். சின்ன நோடுகள் அதிலேயே திணறிவிடும்.

6. யூனிவர்ஸ் எண்: 0-வா, 1-ஆ?

ஆர்ட்நெட்டில் யூனிவர்ஸ் எண் 0-இல் தொடங்குகிறது. எஸ்ஏசிஎன்னில் 1-இல். சில கன்சோல்கள் ஆர்ட்நெட்டையும் 1 என்றே திரையில் காட்டும், நோடு 0 என்று காட்டும். எல்லா லைட்டும் பக்கத்து லைனின் வேலையைச் செய்தாலோ, முதல் லைன் மட்டும் செத்துக் கிடந்தாலோ, காரணம் இந்த ஒரு எண் வித்தியாசமாகத்தான் இருக்கும்.

ஆர்ட்நெட் முகவரிக்கு மூன்று பகுதி: நெட் 0 முதல் 127 வரை, சப்நெட் 0 முதல் 15 வரை, யூனிவர்ஸ் 0 முதல் 15 வரை. ஒரு கருவி இதை ஒரே எண்ணாகவும் இன்னொன்று மூன்றாகப் பிரித்தும் காட்டும். 0-இல் தொடங்கும் கணக்கில் 16 என்றால் சப்நெட் 1, யூனிவர்ஸ் 0. இந்த சப்நெட்டுக்கும் ஐபி-யின் சப்நெட் மாஸ்க்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் மாஸ்க்கைப் போய் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

சோதிக்கும்போது எல்லா யூனிவர்ஸையும் முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள். ஒரே ஒரு யூனிவர்ஸில் ஒரே ஒரு சேனலை 50 சதவீதம் ஏற்றி, அது எந்த நோடின் எந்தப் போர்ட்டில் வெளிவருகிறது என்று பாருங்கள். எல்லாம் எரிந்தால் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

கன்சோல் அனுப்புவதை லேப்டாப்பில் பார்க்க ஆர்ட்நெட்டுக்கு யுடிபி போர்ட் 6454, எஸ்ஏசிஎன்னுக்கு 5568. ஒரு எச்சரிக்கை: ஸ்விட்சில் சும்மா ஒரு போர்ட்டில் செருகிய லேப்டாப்புக்கு, நோடுக்கென்று தனியாகப் போகும் ஆர்ட்நெட் டேட்டா தெரியாது. வயர்ஷார்க் காலியாக இருப்பதை வைத்து 'கன்சோல் அனுப்பவில்லை' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஸ்விட்சில் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் டேட்டாவை இன்னொரு போர்ட்டிலும் நகலாகத் தருவது) வைத்துப் பாருங்கள். எஸ்ஏசிஎன் என்றால் எஸ்ஏசிஎன்வியூவில் அந்த யூனிவர்ஸைத் தேர்ந்தெடுங்கள். அது மல்டிகாஸ்ட் குழுவில் (கேட்டவர்களுக்கு மட்டும் டேட்டா போகும் குழுவில்) சேர்ந்துகொண்டு டேட்டாவைக் கேட்டு வாங்கும்.

7. நான்கு நிமிடம் ஓடி நிற்கும் எஸ்ஏசிஎன்

இது தனியாகச் சொல்ல வேண்டிய கோளாறு, ஏனென்றால் சோதனையில் சிக்காது, நிகழ்ச்சியில்தான் சிக்கும். எல்லாம் இயக்கியவுடன் நன்றாக இருக்கும். சுமார் நான்கு நிமிடம் கழித்து லைட்டுகள் உறைந்துவிடும். நோடை அணைத்து மறுபடி போட்டால் சரியாகும், மீண்டும் நான்கு நிமிடம். 'நோடு சூடாகிறது' என்று அதன் மேல் பழி போட்டுப் புது நோடு வாங்குபவர்களும் உண்டு.

நடப்பது இதுதான். எஸ்ஏசிஎன் வழக்கமாக மல்டிகாஸ்டில் போகிறது. யூனிவர்ஸ் 1 என்றால் 239.255.0.1, யூனிவர்ஸ் 256 என்றால் 239.255.1.0. நோடு இயங்கத் தொடங்கும்போது 'இந்தக் குழு எனக்கு வேண்டும்' என்று ஒருமுறை சொல்கிறது. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உள்ள ஸ்விட்ச் அதைக் கேட்டு, அந்தப் போர்ட்டைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு, வழக்கமான அமைப்பில் 260 விநாடி. அதற்குள் யாராவது 'இன்னும் வேண்டுமா' என்று கேட்டு, நோடு 'வேண்டும்' என்று சொன்னால்தான் குறிப்பு நீடிக்கும். அப்படிக் கேட்பவர் க்வெரியர். வீடு, அலுவலக நெட்வொர்க்கில் பெரும்பாலும் ரௌட்டர் இந்த வேலையைப் பார்க்கும். விளக்கு நெட்வொர்க்கில் ரௌட்டரே இருக்காது. கேட்க ஆளில்லாமல் குறிப்பு காலாவதியாகிறது, ஸ்விட்ச் டேட்டாவை நிறுத்துகிறது.

தீர்வு இரண்டு. நிர்வகிக்கும் வசதியுள்ள ஸ்விட்ச் ஒன்றில், கன்சோலுக்குப் பக்கத்தில் இருப்பதில், க்வெரியரை இயக்குங்கள். சில ஸ்விட்சுகளில் அதற்கென்று ஒரு ஐபி முகவரியும் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். அல்லது, சில யூனிவர்ஸ் மட்டுமே உள்ள சின்ன ஏற்பாட்டில் ஸ்னூப்பிங்கையே எல்லா ஸ்விட்சிலும் அணைத்துவிடுங்கள். முழு வேகத்தில் ஓடும் ஒரு யூனிவர்ஸ் சுமார் கால் மெகாபிட்தான் எடுக்கும், பத்து யூனிவர்ஸ் எல்லா போர்ட்டுக்கும் போனாலும் 100 மெகாபிட் இணைப்பு திணறாது. பாதி ஸ்விட்சில் இயக்கிப் பாதியில் அணைத்து வைப்பதுதான் மோசம்.

அப்படியே ஸ்விட்சில் மின்சேமிப்பு ஈத்தர்நெட் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். மேடைக்கு அதனால் எந்த லாபமும் இல்லை.

8. துடிக்கும் லைட்: இரண்டு பேர் ஒரே யூனிவர்ஸில்

ஃபேடரை இறக்கினாலும் லைட் முழுதாக அணையவில்லை, அல்லது இரண்டு நிலைகளுக்கு நடுவே துள்ளுகிறது என்றால், இன்னொரு இடத்திலிருந்தும் டேட்டா வருகிறது. மாற்றுக் கன்சோல், விளக்கு அமைப்பைத் திரையில் காட்டும் விஷுவலைசர் ஓடும் கணினி, நேற்றுச் சோதித்த போன் செயலி, கட்டடத்தின் பொது விளக்குகளை இயக்கும் கன்ட்ரோலர் என்று யாராகவும் இருக்கலாம்.

எஸ்ஏசிஎன்னில் ஒவ்வொரு மூலத்துக்கும் 0 முதல் 200 வரை முன்னுரிமை உண்டு, இயல்பாக 100. அதிக எண் உள்ளவர் பேச்சைத்தான் நோடு கேட்கும். முதன்மைக் கன்சோலுக்கு மாற்றுக் கன்சோலைவிடக் கூடுதல் எண் கொடுங்கள். இரண்டும் 100-இல் இருந்தால் எந்த அளவு பெரிதோ அது மேடையில் தெரியும்படி பல நோடுகள் கலந்து கொடுக்கும். ஆர்ட்நெட்டில் முன்னுரிமை கிடையாது. நோடு இரண்டு மூலங்கள் வரை கலக்கும், மூன்றாவதை ஒதுக்கிவிடும்.

எஸ்ஏசிஎன்வியூ ஒரு யூனிவர்ஸில் யார் யார் பேசுகிறார்கள் என்று பெயரோடு காட்டிவிடும். அதனால் கன்சோல்களுக்கு அடையாளம் தெரியும் பெயர் வையுங்கள். ஒரு மூலத்தை நிறுத்தியபின் உடனே முடிவுக்கு வராதீர்கள். எஸ்ஏசிஎன் நோடு அதைக் கைவிட 2.5 விநாடி எடுக்கும், ஆர்ட்நெட்டின் கலவை விலக 10 விநாடி வரை ஆகலாம்.

9. கணினியே கன்சோல் என்றால்

மென்பொருளில் எந்த நெட்வொர்க் கார்டு வழியே அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். யுஎஸ்பி அடாப்டரை வேறு துளையில் செருகினாலே அந்தத் தேர்வு போய்விடலாம், ஒவ்வொரு முறையும் பாருங்கள். கார்டின் மின்சேமிப்பை அணையுங்கள், கணினி உறங்கப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைக்காக நிறுத்திய ஃபயர்வாலைத் திரும்பப் போடும்போது அந்த மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிடுங்கள்.

10. வைஃபை

மேடையில் நின்று ஃபோகஸ் செய்ய ரிமோட்டாகப் பயன்படுத்துங்கள், போதும். டிஎம்எக்ஸ் டேட்டாவை அதில் அனுப்ப வேண்டாம். மல்டிகாஸ்டும் பிராட்காஸ்டும் வைஃபையில் மிகக் குறைந்த வேகத்தில் போகும், தொலைந்த பாக்கெட் மறுபடி அனுப்பப்படாது. ஒத்திகையில் சரியாகத்தான் இருக்கும். அரங்கம் முழுக்கப் போன்கள் வந்தபின் அப்படி இருக்காது. வேறு வழியே இல்லையென்றால் நோடுக்குத் தனியாக அனுப்பும் யூனிகாஸ்ட் முறையில் வையுங்கள்.

11. சரியான பிறகு செய்ய வேண்டிய சோதனை

லைட் வந்துவிட்டது என்று லேப்டாப்பை மூடிவிடாதீர்கள். சோதனைக்காக மாற்றியவற்றையெல்லாம் போனில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, தேவையான மாற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பழையபடி ஆக்குங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் அணைத்து, ஸ்விட்ச், நோடு, கன்சோல் என்ற வரிசையில் மறுபடி போடுங்கள். சில கருவிகளில் அமைப்பு மாற்றம் சேமிக்கப்படாமல் தற்காலிகமாகவே இருக்கும், அது இப்போது தெரிந்துவிடும். ஒரு ஃபேடரை மெதுவாக ஏறி இறங்கும்படி விட்டு, பத்து நிமிடம் எதையும் தொடாமல் பாருங்கள். 7-ஆம் பகுதியில் சொன்ன கோளாறு இருந்தால் அதற்குள் வந்துவிடும்.

நேரம் இருந்தால் கன்சோல் கேபிளை வேண்டுமென்றே உருவுங்கள். லைட்டுகள் அப்படியே நிற்கின்றனவா, இருட்டாகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். நோடுக்கு நோடு இது மாறினால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி அமையுங்கள். நாடக மேடைக்குக் கடைசி நிலை அப்படியே நிற்பது நல்லது என்பது என் கருத்து. நடிகர்கள் நடந்துகொண்டிருக்கும்போது திடீர் இருட்டு ஆபத்து.

ஒவ்வொரு நோடின் மேலும் ஒரு டேப் ஒட்டி ஐபி, மாஸ்க், எந்தப் போர்ட்டுக்கு எந்த யூனிவர்ஸ் என்று எழுதுங்கள். 0-இல் தொடங்கும் கணக்கா, 1-இல் தொடங்குவதா என்பதையும் சேர்த்து.